ஹலோ மாமாவும் ஒளித்துவைத்த மருமகனும்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். சாதாரணதரப் பரீட்சையில் கணக்கோடு சேர்த்துத் தமிழையும் கோட்டை விட்டவன் நான். என் எழுத்து பத்திரிகையில் வந்தால் எனக்குப் படிப்பித்த வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவார். ஆனால் இன்றைக்குக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கடையில் கொம்பியூட்டர் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. கொட்டாவி விட்டு வாய் நோகிறது. சரி, எழுதித் தொலைப்போம் என்று இருந்துவிட்டேன்.

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருந்த கதிரையை விட்டு எழும்பாமல், பால் விடாத ஒரு பிளேன்ரியை ஆறவிட்டுக்கொண்டு, ஹலோ மாமா அளவுக்கு அதிகமான ஆட்களைக் கொலைகாரர் ஆக்கிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. தபால்காரன், பால்காரன், பக்கத்து வீட்டுக்காரன், பாதிரியார், ஒரு தரம் ஒரு நாய்கூட. அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். நாயும்தான்.

தேற்றாத்தீவில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவதுதான் அவருடைய தொழில். கோயில் திருவிழாவா, கலியாணமா, செத்த வீடா, எல்லாவற்றுக்கும் அவருடைய இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு பழைய அம்ப்ளிபயரும்தான் போகும். மைக்கைச் சோதிக்க "ஹலோ, ஹலோ" என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மெல்லக் கதைப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதோடு காதாக ஒரு இரகசியம் சொன்னாரென்றால் வாவியில் தோணி விடுகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

சண்டை முடிந்த வருடம் நான் தேற்றாத்தீவுப் பிரதான வீதியில் ஒரு நெட் கடை வைத்திருந்தேன். பலகைத் தடுப்புப் போட்ட சின்னக் கடை. கத்தாரிலும் துபாயிலும் புருசன்மார் உள்ள பெண்கள் வந்து தடுப்புக்குள் இருந்து முகம் பார்த்துக் கதைப்பார்கள். ஆள் இல்லாத நேரம் நான் வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிக் கதைக்கிற ஒரு தளத்தை வாசித்துக்கொண்டிருப்பேன். சமையல், அரசியல், சண்டை, சாத்திரம் எல்லாம் அதில் இருக்கும். அந்த மாதங்களில் அதில் சூடாக ஓடியது ஒரு கொலைக் கேஸ்.

ஒரு நாள் அம்ப்ளிபயருக்கு ஏதோ சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்த ஹலோ மாமா, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னடா மனே வாசிக்கிறாய்?"

"கொலைக் கேஸ் மாமா."

"நம்மட பக்கமா?"

"இல்ல மாமா. வெள்ளைக்காரன்ட ஊரு."

அவர் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் பக்கம் யாராவது செத்தால் யார் செய்தது, ஏன் செய்தது என்று வாய் திறக்க ஒருவருக்கும் துணிவு வராத காலம் அது. எங்கோ குளிர் தேசத்தில் ஒரு கொலை, அதைப்பற்றி நாள் முழுக்கக் கதைக்கலாம், கதைத்தவனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கடத்த ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் அது திருவிழா இல்லாமல் வேறென்ன? கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அம்ப்ளிபயர் சாமானை மறந்தே போனார்.

கேஸ் இதுதான். ஒரு வயதான புருசனும் மனைவியும் சொந்த வீட்டிலேயே செத்துக் கிடந்தார்கள். முதலில் கண்டது மகன். பொலிசுக்கு மகன் மேல் சந்தேகம். மகள் ஒருத்தி வேறு நகரத்தில் இருக்கிறாள். அந்த ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு தமிழ்ப் பெண் தளத்தில் 'லண்டன் அன்ரி' என்ற பெயரில் தினமும் செய்தி போடுவார். நோர்வேயில் இருந்து 'பனிக்கரடி' என்று ஒருவர் வரைபடம் கீறி, வாசல் எங்கே, யன்னல் எங்கே, கத்தி எங்கே என்று அம்புக்குறி போடுவார். மற்றவர்கள் எல்லாரும் நீதவான்கள்.

"நானும் ஒரு கருத்துச் சொல்லணும், எழுது" என்றார் மாமா.

"சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார். "ஹலோ, ஹலோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு. கேக்குதா?"

நான் நல்ல பிள்ளையாக அதை அப்படியே எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் நோர்வேயில் இருந்து பதில் வந்தது. "கேக்குது, சொல்லுங்க." அதோடு அவருடைய பெயர் அங்கேயும் ஹலோ என்றே ஆகிவிட்டது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "வீடு ஆருக்கு?"

மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று லண்டன் அன்ரி எழுதினார்.

"பிழை" என்றார் மாமா. "வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். எந்தத் தேசத்திலயும் அதுதான் முறை. எழுது."

மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை சட்டைப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆண்பிள்ளைக்குத் தாய் வீட்டில் கிடைப்பது சோறும் பேச்சும் மட்டும்தான். ஆகவே மாமாவின் கணக்கு சுத்தம். மகன் தாயையும் தகப்பனையும் கொன்றால் அவனுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. சோறும் போய்விடும். வீடு மகளுக்கு வரும். மகளோடு சேர்ந்து அந்த வீட்டுக்குள் வந்து குந்தப் போகிறவன் யார்?

"மருமகன்" என்றார் மாமா. துபாயோடு கதைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மகள் கலியாணம் முடிக்கேல்ல எண்டு போட்டிரிக்கு மாமா."

"வயசென்ன?"

"முப்பத்திநாலு."

"முப்பத்திநாலு வயசுப் புள்ளையக் கட்டிக்குடுக்காம ஒரு தாய் தகப்பன் நித்திரை கொள்ளுவாங்களா? மருமகன் இரிக்கான் மனே. ஒளிச்சு வைச்சிரிக்காங்க."

இதை எழுதினால் சிரிப்பார்கள் என்றுதான் நான் எழுதினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் பனிக்கரடி 'மருமகன் நுழைந்த வழி' என்று ஒரு புதிய அம்புக்குறி போட்டார். கனடாவில் ஒருவர், தனக்கு முதலே அந்தச் சந்தேகம் இருந்தது என்றார். பாரிசில் ஒருவர், அந்த மகளின் விரலில் மோதிரத் தழும்பு தெரிகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் போட்டார். பெரிதாக்கியதில் விரலே தெரியவில்லை. ஆனால் எல்லாரும் தழும்பைக் கண்டார்கள்.

பிறகு செத்த வீட்டுப் படம் ஒன்று வந்தது. மழை. அழுதுகொண்டு நிற்கிற மகளுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மாமா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "இந்தா நிக்கான். கழுத்த அறுத்துப்போட்டுக் குடையும் பிடிக்கான்."

தடுப்புக்குள் இருந்த பெண்ணின் புருசன் துபாயில் இருந்து கத்தினான். "ஆர் புள்ள உனக்குப் பக்கத்தில? ஆரிண்ட கழுத்த அறுத்தது?"

"அது ஹலோ மாமா. நீங்க சொல்லுங்க."

அந்தக் குடைக்காரனைத் தேடி உலகம் முழுக்கத் தமிழர்கள் நித்திரை முழித்தார்கள். கடைசியில் லண்டன் அன்ரி நேரில் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். அவன் பிரேதப் பெட்டிக் கடையில் வேலை செய்கிறவன். குடை பிடிக்கிறதுதான் அவனுக்குச் சம்பளம். மாமா அதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"குடை பிடிக்க ஒரு வேலையா? இதையெல்லாம் நீ நம்புறியாடா மனே?"

இந்தச் சத்தம் கடைக்குள் நிற்குமா? ஒரு நாள் சீருடை இல்லாமல் சிவிலில் ஒரு பொலிஸ்காரர் வந்து இறங்கினார். இங்கே ஒரு ஆள் தினமும் கொலைத் திட்டம் போடுகிறார் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கொம்பியூட்டரை நிறுத்தப் போனேன். மாமாவோ பொலிஸ்காரருக்கு ஒரு கதிரை போட்டு, ஒரு பிளேன்ரியும் சொல்லி, கேசைத் தொடக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினார். அரைத் தமிழும் அரைச் சிங்களமும். கத்தி எங்கே என்பதற்கு நான் கோடு போடுகிற அடிமட்டத்தைக் கத்தியாக்கினார். பொலிஸ்காரர் பிளேன்ரியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தார்.

"அந்த குடை ஆள் சரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா" என்றார் மாமா. "டிப்பாட்மென்டே என்ட பக்கம்."

இது இப்படியே போயிருந்தால் ஊருக்கு ஒரு பகிடியோடு முடிந்திருக்கும். ஆனால் மாமாவுக்கு ஒரே ஒரு மகள். பெயர் வினோ. இருபத்தாறு வயது. வயர் ஒட்டுவது, பியூஸ் மாற்றுவது எல்லாம் அவள்தான். மாமா 'ஹலோ' சொல்வதோடு சரி. வினோவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய நேரத்தில்தான் மாமா உலகத்தில் உள்ள மருமகன்மாரை எல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

கிரான் என்ற ஊரில் எனக்கொரு கூட்டாளி. ரமணன். சொந்த ரக்டர், கொஞ்சம் வயல். வாய் திறந்து கதைத்தால் காசு கேட்பார்களோ என்று பயந்தவன் மாதிரி இருப்பான். கலியாண வீடொன்றில் வினோ ஏணியில் ஏறிக் குழாய் கட்டுவதைப் பார்த்துவிட்டு, வயரைப் பிடித்துக்கொடுக்கிற சாட்டில் கீழே நின்றிருக்கிறான். அன்று முழுக்க வயரை விடவில்லையாம். நான்தான் இடையில் நின்று கதையை ஒழுங்கு படுத்தினேன். வினோவுக்குச் சம்மதம். கிரானில் தாய்க்கும் சம்மதம். மாமா, "பொடியனக் கூட்டிக்கொண்டு வா, நான் ரெண்டு கேள்வி கேக்கணும்" என்றார். மாமனார் கேட்கிற கேள்விதானே என்று கூட்டிக்கொண்டு போனேன்.

வினோ தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். ரமணன் கோப்பையைக் கையில் எடுத்தான். மாமா அவனுடைய செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடி அளவு பார்க்கிறாராம். பிறகு கேட்டார்.

"தம்பி, போன வருசம் மாசி மாசம் நீ எங்க நிண்டாய்?"

ரமணன் என்னைப் பார்த்தான்.

"சம்பவம் நடந்த நேரம் வேற இடத்தில நிண்டதுக்குச் சாட்சி இரிக்கணும்" என்றார் மாமா. "அதுக்கு அலிபை எண்டு பேரு. எந்த மாசத்தக் கேட்டாலும் நல்ல மனிசன் சொல்லுவான். பனிக்கரடி சொன்னது."

அவருக்கு அது பகிடியும் இல்லை, கோபமும் இல்லை. தளத்தில் படித்த பாடம். ஆனால் ரமணனுடைய வயதுப் பொடியன்களிடம் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் கேட்டவர்கள் எல்லாரும் துவக்கோடு நின்று கேட்டவர்கள். எங்கே நின்றாய், யாரோடு நின்றாய், ஏன் நின்றாய். அவன் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தான். மாமாவின் கையில் இருந்து செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான்.

அடுத்த நாள் அவனுடைய தாய் எனக்கு போன் எடுத்தார்.

"எங்கிட புள்ளைய விசாரிக்க ஆமியும் பொலிசும் காணாதெண்டு மாமனாரும் வெளிக்கிட்டிட்டாரோ? வேணாம் மகன். பொண்ணு நல்ல பொண்ணுதான். தகப்பன வேறெங்கயும் அனுப்பினா சொல்லுங்க, அப்ப பாப்பம்."

வினோ அழவில்லை. அம்ப்ளிபயரின் பியூசைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு, தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, உலகத்தில உள்ள மருமகன் எல்லாரையும் நீங்களே பிடிச்சுக் குடுத்தா எனக்கு ஆர் மிஞ்சுறது?"

"நான் என்ன புள்ள செஞ்சன்? ஒரு கேள்விதானே கேட்டன்."

"குடைக்காரனே பரவாயில்ல. அவனெண்டாலும் மழைக்கு நிண்டான்."

மாமா நேரே என் கடைக்குத்தான் வந்தார். "எழுது. நம்மட வீட்டிலயும் ஒரு கேஸ். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமப் பொடியன் எழும்பிப் போயிட்டான். சந்தேகம்தானே?"

எழுதினேன். பனிக்கரடி உசாராக வந்தார். "ஹலோ ஐயா, விசாரணைய முறையாச் செய்வம். வீட்டில ஆர் ஆர் இருக்கிறது?"

"நானும் மகளும்."

"மனிசி?"

"மனிசியும் மாமியும் சுனாமியோட போயிட்டாங்க."

"வீடு?"

"வீடும் போச்சு. மறுகா கட்டித் தந்தாங்க."

"ஆரிண்ட பேரில?"

"என்ட பேரில."

பிறகு பல்லைக் காட்டிச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றோடு பனிக்கரடியின் பதில் வந்தது. "அப்ப கேஸ் முடிஞ்சுது ஐயா. உங்கட சட்டப்படி வீடு கிடைச்ச மருமகன்தானே கொலைகாரன்."

பகிடிக்குத்தான் எழுதினார். நானும் சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன்.

"திருப்பி வாசி" என்றார் மாமா.

திருப்பி வாசித்தேன்.

"கொம்பியூட்டர நிப்பாட்டு" என்றார். மெல்லச் சொன்னார். தடுப்புக்குள் இருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு மெல்ல.

அந்த வீட்டுக் கதை ஊருக்குத் தெரிந்ததுதான். கடலோரம் இருந்த பழைய வீடு மாமாவின் மாமியாருடையது. அவர் அதைத் தன் மகளான மாமாவின் மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்தார். அது வினோவுக்கு வரவேண்டியது. அலைக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். மகள்ட பேரில எழுதுங்க என்று மாமா சொல்லிப் பார்த்தார். தலைவர் என்றால் ஆம்பிளைதான் ஐயா, கையெழுத்தைப் போடுங்கள் என்றார்கள். போட்டார். மாமியாரின் வீடு மருமகனுக்கு வந்தது; அன்றில் இருந்து அவர் அந்த வீட்டுக்குள் படுத்ததில்லை. பக்கத்தில் சாமான் போடுகிற கொட்டிலுக்குள், குழாய்களுக்கு நடுவில்தான் பாயை விரிப்பார். வயரைக் களவெடுப்பார்கள் என்ற பயம் என்றுதான் நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

சில நாள் அவர் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வந்து வாசலில் நின்றார். கையில் ஊர்வலத்துக்குக் கொண்டு போகிற பற்றரி ஸ்பீக்கர். கையில் பிடித்து வாய்க்கு முன்னால் வைத்துக் கதைக்கிறது.

"பைக்க எடு. கிரானுக்குப் போவம்."

"அது என்னத்துக்கு மாமா?"

"ரமணன்ட தாய் கேற் திறக்காது. ரோட்டில நிண்டு கதைக்கணும்."

கல்லடிப் பாலம் தாண்டி, டவுன் தாண்டிப் போனோம். கிரான் திரும்புகிற இடத்தில் ஆமிக் காவல் சென்றியில் மறித்தார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் மாமாவின் மடியில் இருந்ததைத் துவக்கு முனையால் தொட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மே மொகத்த?"

"கலியாணே, மாத்தயா" என்று மாமா கலியாணத்தையும் ஐயாவையும் சிங்களமாக்கினார்.

அவன் அதில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினான். சைரன் ஊளையிட்டது. சென்றிக்குள் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழும்பி ஓடி வந்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். கடைசியில் அவர்களே சிரித்துப் போகவிட்டார்கள். கலியாணம் என்றால் இப்படிச் சத்தம் வரத்தானே வேண்டும் என்று நினைத்தார்களோ தெரியாது.

மாமா சொன்னபடியே ரமணனின் தாய் கேற்றைத் திறக்கவில்லை. "அவன் வட்டைக்குள்ள" என்று மட்டும் சொன்னார். வட்டை என்றால் ஊரவர் எல்லாருடைய வயலும் ஒன்றாகச் சேர்ந்த வெளி. போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நடுவில் ரமணனின் ரக்டர் உழுதுகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மாமா வரம்பில் ஏறி நின்றார். ஸ்பீக்கரை வாய்க்கு வைத்தார். திருவிழாக் குரல் தானாக வந்தது.

"ஹலோ, ஹலோ. கிரான் வட்டையில் உழுதுகொண்டிருக்கும் ரமணன் அவர்களின் கவனத்திற்கு. தேற்றாத்தீவிலிருந்து உங்கள் மாமனார் வந்திருக்கிறார். உடனடியாக வரம்புக்கு வரவும்."

வட்டையில் நின்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பக்கத்து வயலில் இருந்து ஒருவர், "ரமணா, உன்ட மாமனாராம்டா" என்று சிரித்தார். ரமணன் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு உழவைத் தொடர்ந்தான்.

"மறுகா ஒரு அறிவித்தல்" என்றார் மாமா. அதோடு திருவிழாத் தமிழ் முடிந்துபோனது. "தம்பி, நான் கேட்ட கேள்வி பிழை. மாசியில எங்க நிண்டாய் எண்டு இனி ஆரும் உன்னட்டக் கேட்டா நான் வந்து முன்னுக்கு நிப்பன். அந்தக் கேள்விய நீ என்னட்டக் கேளு. கடல் வந்த அண்டைக்கு நான் எங்க நிண்டன்? கரடியனாத்தில நிண்டன். ஒரு கோயில் திருவெம்பாவைக்குக் குழாய் கட்ட மரத்தில ஏறி நிண்டன். எனக்கு அலிபை இரிக்கு. அந்தக் கோயிலில நிண்ட அவ்வளவு பேரும் சாட்சி. இஞ்சால என்ட மனிசியும் மாமியும் அந்த வீட்டுக்குள்ள..."

ஸ்பீக்கரை மற்றக் கைக்கு மாற்றியதில் விரல் சிவப்புப் பொத்தானில் பட்டுவிட்டது. சைரன் ஊளையிட்டது. வட்டையில் இருந்த கொக்கெல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்தன. மாமா அதை நிறுத்தத் தெரியாமல் இரண்டு கையாலும் பொத்திப் பொத்திப் பார்த்தார். நான் சிரிப்பதா, அவரைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

ரக்டர் நின்றது. முழங்கால் சேற்றோடு ரமணன் நடந்து வந்தான். அவர் கையில் இருந்ததை வாங்கி சைரனை நிறுத்தினான்.

"மாமா, கடலையும் நீங்களா கூப்பிட்டீங்க?"

"இல்ல."

"அப்ப ஏன் கத்துறீங்க? ஊரே பாக்குது."

"வீடு என்ட பேரில இரிக்கு மனே. மருமகனுக்கு வீடு வரக்கூடாது. அவள்ட பேருக்கு மாத்தப் போறன். நீ வந்து அதில இரு. நான் சந்தேகப்பட மாட்டன்." கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சமாத்தான் படுவன்."

ரமணன் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு அவன் என்னைப் பார்த்து, "மச்சான், போய் ரக்டரப் பாத்துக்கொண்டு நில்லு" என்றான். ரக்டர் சேற்றுக்குள் புதைந்து நிற்கிறது, அதை யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள்? போய் நின்றேன். இரண்டு பேரும் வரம்பில் குந்தியிருந்து கதைத்தார்கள். அதிகம் கதைத்தது ரமணன். ஒரு இடத்தில் மாமா அவன் தோளில் கையை வைத்தார், பிறகு எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் கேட்டேன். "என்ன மாமா சொன்னான்? மாசியில எங்க நிண்டானாம்?"

"மைக் நிப்பாட்டினாப் பிறகு கதைச்சது ஊருக்கில்லடா" என்றார்.

இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

வீட்டை மாற்றி எழுத மாமா காணிப் பதிவுக் கந்தோருக்குப் போனபோது அங்கிருந்த ஐயா பேனையைக் கீழே வைத்துவிட்டாராம். "வீடு தாங்க எண்டு அழுதுகொண்டு வாறவங்களக் கண்டிரிக்கன். எடுங்க எண்டு அழுறவர இப்பத்தான் காணுறன்." கலியாணம் நடந்தது. வினோ பியூசை வெளியில் எடுத்தாள். தாலி கட்டுகிற நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமா ஹலோ சொல்லவே மறந்துபோனார். பனிக்கரடி தளத்தில் வாழ்த்துப் போட்டிருந்தார், குடைக்காரன் படத்தோடு. அன்றிரவு மாமா கொட்டிலில் படுக்கப் போனபோது ரமணன் பாயை எடுத்துக்கொண்டு போய் உள்ளே விரித்தானாம். நாலைந்து நாள் இரண்டு பேரும் பாயை உள்ளுக்கும் வெளியிலும் இழுத்திருக்கிறார்கள். கடைசியில் ரமணன் வென்றான்.

அந்த வெள்ளைக்காரக் கேசுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். களவெடுக்க வந்த யாரோ செய்தது என்று சொல்லி மகனை விட்டுவிட்டார்கள். மருமகன் என்று ஒருவன் கடைசிவரைக்கும் இல்லை. தளத்தில் பாதிப்பேர் அதை நம்பவில்லை. மாமா நம்பினார். அதற்குப் பிறகு எந்தத் தேசத்தில் எந்தக் கொலை நடந்தாலும் என் கடைக்கு வந்து இருந்து மருமகன்மாருக்காக வாதாடத் தொடங்கிவிட்டார். ஒரு கேசில் மருமகன் தானே செய்தேன் என்று பொலிசுக்கு ஒப்புக்கொண்டுவிட்டான். "அடிச்சிருப்பாங்கடா மனே, எழுது" என்றார் மாமா.

கடையை இப்போது டவுனுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாமாவைக் கண்டு கனகாலம். கொலைக் கேஸ் எல்லாம் இப்போது எல்லாருடைய போனிலும் ஓடுகிறது. ஒவ்வொருவனும் தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல், பெருவிரலால் தீர்ப்பு எழுதுகிறான். கொலைகாரன் யார் என்று ஊருக்கே கேட்கும்படி பிழையாகச் சொல்ல ஒரு மனிதர் இல்லாமல், இது எனக்குக் கடை மாதிரியே இல்லை.

எழுதியதைப் படம் பிடித்து ரமணனுக்கு அனுப்பி, பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். பதில் வந்தது.

"ஒரு கிழம பொறு மச்சான், மாமாக்கு இப்ப ரெண்டு காதும் கேக்கிறல்ல, நான் பக்கத்தில இருந்து ஒவ்வொரு வரியாக் கத்தி வாசிச்சுக் காட்டி முடிக்கணும்."